அறுந்தே ஆகவேண்டிய இணைப்பு: செயலியின் சான்றிதழ் சரிபார்ப்பைச் சோதிப்பது எப்படி

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பிழைச் செய்தி காத்திருக்கும். பைத்தான் நிரல் வெளியே உள்ள ஏபிஐ (வேறொரு சர்வர் தரும் சேவை) ஒன்றை அழைக்கும். "சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். சான்றிதழ் என்பது, தான் யாரென்று நிரூபிக்க சர்வர் நீட்டும் மின்னணு அடையாள அட்டை. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "வெரிஃபை ஃபால்ஸ் போட்டுடுங்க, ஓடும்" என்பார். சரிபார்ப்பையே அணைத்துவிடும் வரி அது. ஓடத்தான் செய்யும். அந்த வரி அப்படியே கமிட் ஆகி, ரிலீஸுக்கும் போய்விடும். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை நடுவிலிருந்து படிக்க நினைப்பவருக்கு வேறு எந்த ஓட்டையும் தேவையில்லை.

சான்றிதழ் சரிபார்ப்புக் குறைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை. மறையாக்கக் கணிதத்தை யாரும் உடைப்பதில்லை. ஒரு பிழைச் செய்தியை வாயடைக்க யாரோ எழுதிய வரிதான் காரணம். சரியான சான்றிதழோடு செயலி வேலை செய்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். தவறான சான்றிதழைக் காட்டினால் இணைப்பு அறுகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சோதனையைப் பற்றியது.

தொடங்கும் முன் ஒரு எல்லைக்கோடு. உங்கள் சொந்த சர்வர், உங்கள் சொந்தப் போன், நீங்களே உருவாக்கிய வைஃபை, உங்கள் நிறுவனம் எழுத்தில் அனுமதி தந்த செயலி: இவற்றில் மட்டுமே இதைச் செய்யுங்கள். பிஜி விடுதியின் வைஃபையிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ செய்து பார்த்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும் குற்றமாகிவிடும்.

சரிபார்ப்பு என்றால் எதை எதை?

சர்வர் தன் சான்றிதழை நீட்டும்போது செயலி அடிப்படையாக மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதில் கையெழுத்திட்டவர் யார், அந்தக் கையெழுத்துச் சங்கிலி நான் நம்பும் மூலச் சான்றிதழ் (போனிலோ கணினியிலோ நம்பகமானது என்று முன்பே பதிந்திருப்பது) ஒன்றில் போய் முடிகிறதா? சங்கிலியின் நடுவில் இருப்பவர்களுக்கு (இடைநிலைச் சான்றிதழ்களுக்கு) கையெழுத்திடும் உரிமை உண்டா, தேதி நடப்பில் இருக்கிறதா? நான் தேடி வந்த சர்வரின் பெயர்தான் இதில் எழுதியிருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சங்கிலி சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் மாதிரியான நிறுவனம் யாருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தரும். தாக்குபவர் தன் சொந்த டொமைனுக்கு ஒன்றை முறைப்படி வாங்கிக்கொள்வார். அது முற்றிலும் உண்மையான சான்றிதழ், சங்கிலியும் சுத்தம். பெயரைப் பார்க்காத செயலியிடம் அதை நீட்டினால் வங்கி சர்வர் என்றே நம்பிவிடும். பெயர் பார்க்காத சரிபார்ப்பு, சரிபார்ப்பே இல்லாததற்குச் சமம்தான்.

இது பழைய நோய். 2012-இல் ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளை அலசியபோது 1,074 செயலிகளின் கோடில் இடைமறிப்புக்கு இடம்தரக்கூடிய பகுதிகள் இருந்தன. அதற்குப் பிறகு 2016 முதல் கூகுள் பிளே இப்படிப்பட்ட கோடுள்ள செயலிகளை நிராகரிக்கத் தொடங்கியது. ஆனால் பிளே ஸ்டோரின் சல்லடை சர்வர் பக்க நிரல்களையோ ஐஓடி கருவிகளையோ பார்ப்பதில்லை.

சோதனைக் களம்

உபுண்டு ஓடும் ஒரு லேப்டாப், ஒரு சோதனைப் போன், உங்கள் பெயரில் ஒரு டொமைன். இவ்வளவு போதும். லேப்டாப்புக்கு இணையம் கேபிள் வழியாகவோ யூஎஸ்பி டெதரிங் வழியாகவோ வரட்டும். அதன் வைஃபை அட்டை ஹாட்ஸ்பாட்டாக மாற வேண்டும். நெட்வொர்க்மேனேஜரில் ஹாட்ஸ்பாட்டை இயக்கினால் லேப்டாப்புக்கு வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரி அமையும்.

அடுத்து, சர்வர் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், செயலி தேடும் பெயருக்கு லேப்டாப்பின் முகவரியைப் பதிலாகத் தரவேண்டும். ஈடிசி-க்குள் நெட்வொர்க்மேனேஜர் ஃபோல்டரில் "டிஎன்எஸ்மாஸ்க்-ஷேர்ட்.டி" என்று ஓர் உள் ஃபோல்டர் இருக்கும். அதில் ஒரு கோப்பு வைத்து, "அட்ரஸ்=/உங்கள் சர்வர் பெயர்/10.42.0.1" என்று ஒரே வரி எழுதி, ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள். போனில் "பிரைவேட் டிஎன்எஸ்" அமைப்பை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் வேறு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு உண்மையான முகவரிக்கே போய்விடக்கூடும். செயலி நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு ஓட்டை இருப்பதாக எழுதிவிடுவீர்கள்.

போலி சர்வராக, சான்றிதழ் வேலைகளுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் "எஸ்_சர்வர்" கட்டளையே போதும். 443-ஆம் போர்ட்டில் கேட்கச் சொல்லி, சான்றிதழ்க் கோப்பையும் அதன் ரகசியமான தனிச்சாவிக் கோப்பையும் கொடுங்கள். இடைநிலைச் சான்றிதழ் இருந்தால் அதை "செர்ட்_செயின்" கொடியோடு (கட்டளையோடு சேர்க்கும் விருப்பத் தேர்வு) தனியாகக் கொடுக்க வேண்டும். 1024-க்குக் கீழான போர்ட் என்பதால் சூடோ வேண்டும். "டபிள்யூடபிள்யூடபிள்யூ" கொடியைச் சேர்க்காதீர்கள். அது இல்லாதபோதுதான் வந்து சேரும் தரவு அப்படியே திரையில் தெரியும், நமக்கு வேண்டியது அதுதான். ஹெச்டிடிபி 2 பேச இந்த சர்வர் தானாக ஒப்புக்கொள்ளாது. அதனால் செயலி பழைய வடிவத்துக்கு இறங்கிவரும், கோரிக்கையின் வரிகள் படிக்கும்படி இருக்கும்.

மிட்ம்பிராக்ஸி, பர்ப் மாதிரி நடுவில் நின்று போக்குவரத்தைத் திறந்து காட்டும் பிராக்ஸி கருவிகள் ஏன் வேண்டாம் என்று தோன்றலாம். அவை நல்ல கருவிகள். ஆனால் அவை தரும் சான்றிதழ், பெயர் சரியாகவும் மூலம் மட்டும் அறியாததாகவும் இருக்கும். அதாவது கீழே வரும் முதல் சோதனை மட்டுமே நடக்கும். தவிர, ஃபிளட்டரில் எழுதிய செயலிகள் போனின் பிராக்ஸி அமைப்பைக் கண்டுகொள்வதில்லை. பிராக்ஸியில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக அந்தச் செயலி பாதுகாப்பானது என்று முடிவு கட்டக்கூடாது.

நான்கு தவறான சான்றிதழ்கள்

ஒரு விதியை மட்டும் விடாமல் பிடியுங்கள்: ஒவ்வொரு சான்றிதழிலும் ஒரே ஒரு குறைதான் இருக்க வேண்டும். இரண்டு குறை இருந்தால், எதற்காகச் செயலி மறுத்தது என்று தெரியாது.

அதற்கும் முன்னால் உண்மையான சான்றிதழைக் கொண்டு ஒருமுறை பாருங்கள். உங்கள் சர்வரின் சரியான சான்றிதழும் சாவியும் லேப்டாப்பில் இருக்கும்போது செயலி கோரிக்கை அனுப்ப வேண்டும். இங்கேயே அனுப்பவில்லை என்றால் டிஎன்எஸ், ஃபயர்வால், அனுப்ப மறந்த இடைநிலைச் சான்றிதழ் இப்படி உங்கள் களத்தில்தான் பிரச்சினை. அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போனால் எல்லாச் சோதனையிலும் "பாஸ்" என்றே வரும்.

முதல் சான்றிதழ், தானே கையெழுத்திட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் "ரெக்" கட்டளையால் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியோடு ஒரு நிமிடத்தில் உருவாக்கலாம். பெயர் சரியாக இருக்கட்டும். அதை "சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்" பகுதியிலும் எழுத மறக்காதீர்கள். குரோம் 58 வந்த 2017-இலிருந்தே பழைய "காமன் நேம்" பகுதியை அந்த உலாவி பார்ப்பதில்லை. அங்கே மட்டும் எழுதினால் பெயர்க் குறையும் சேர்ந்து இரண்டு குறையாகிவிடும்.

இரண்டாவது, உண்மையானது ஆனால் வேறு பெயருக்கானது. உங்கள் டொமைனின் வேறொரு துணைப் பெயருக்கு லெட்ஸ் என்க்ரிப்ட்டில் ஒன்று வாங்குங்கள். சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் கருவியில் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு டிஎக்ஸ்டி பதிவு சேர்த்தால் போதும், வெளியே தெரியும் சர்வர் தேவையில்லை. இந்த வழியின் பெரிய வசதி, போனில் எந்தச் சோதனை மூலச் சான்றிதழையும் நிறுவ வேண்டாம். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து, பயனர் நிறுவும் மூலச் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. சொந்த மூலத்தை நிறுவிச் சோதிப்பவர்கள் செயலி மறுத்ததும் "பெயரைச் சரிபார்க்கிறது" என்று எழுதிவிடுவார்கள். அது மறுத்ததோ மூலம் தெரியாததால்.

மூன்றாவது, காலாவதியானது. செர்ட்பாட்டின் "ஆர்க்கைவ்" ஃபோல்டரில் பழைய சான்றிதழ்கள் வரிசை எண்ணோடு கிடக்கும். 90 நாள் கடந்ததை எடுத்து, அதே எண்ணுள்ள சாவியோடு சேர்த்துப் போடுங்கள். எண் மாறினால் சாவி பொருந்தாது, சர்வரே கிளம்பாது. பழையது இல்லையென்றால் போனின் தேதியைச் சான்றிதழின் கடைசி நாளுக்கு அப்பால் தள்ளிப் பார்க்கலாம்.

நான்காவதுதான் நுட்பமானது. இரண்டாவது சோதனைக்கு வாங்கிய உண்மையான சான்றிதழின் சாவியைக் கொண்டு, செயலி தேடும் பெயருக்கு இன்னொரு சான்றிதழில் கையெழுத்திடுங்கள். போலி, அதற்கு மேல் உங்கள் உண்மையானது, அதற்கும் மேல் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் இடைநிலைச் சான்றிதழ் என்று சங்கிலியாக அனுப்புங்கள். பெயர் சரி, கையெழுத்துகள் எல்லாம் கணிதப்படி சரி, மூலமும் நம்பகமானது. ஆனால் உங்கள் சான்றிதழுக்குப் பிறருக்குக் கையெழுத்திடும் உரிமை இல்லை. அதன் "பேசிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ்" பகுதி அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பகுதியைப் படிக்காமல் விட்ட குறை 2002-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் வெளிவந்தது. 2011-இல் ஆப்பிளின் ஐஓஎஸ்-இலும் அதே குறை இருந்து, 4.3.5 பதிப்பில் திருத்தப்பட்டது. இன்றைய நிரல் நூலகங்கள் இதைச் சரியாகவே செய்கின்றன. கையால் சங்கிலியைச் சரிபார்க்கும் கோடு எங்காவது இருந்தால் இந்தச் சோதனைதான் அதைப் பிடிக்கும்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் செயலியை "ஃபோர்ஸ் ஸ்டாப்" செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் செயலி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தால் சான்றிதழைப் பார்க்கவே பார்க்காது.

முடிவைப் படிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எஸ்_சர்வர் திரையில் "அலர்ட் 48" என்று வந்தால், கையெழுத்திட்டவர் யாரென்று தெரியவில்லை எனச் செயலி மறுத்திருக்கிறது. 45 காலாவதி, 42 தவறான சான்றிதழ், 46 குறிப்பிடாத காரணம். ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 46-ஐ அனுப்பும். இவை எல்லாம் நல்ல செய்திகள்.

ஆனால் அலர்ட் எதுவும் வராமல், கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்கப் பரிமாற்றம்) முடிந்ததாகவும் சைஃபர் (மறையாக்க முறை) பெயரோடும் திரையில் விவரம் வந்தால்? உடனே ஓட்டை என்று எழுதிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டின் ஓகேஹெச்டிடிபி போன்ற நூலகங்கள் கைகுலுக்கல் முடிந்த பிறகுதான் பெயரைப் பார்க்கும். பெயர் பொருந்தாவிட்டால் ஒரு எழுத்துகூட அனுப்பாமல் இணைப்பை மூடிவிடும். அதனால் தீர்ப்பளிக்க ஒரே அளவுகோல்தான்: செயலியின் தரவு வந்து சேர்ந்ததா? "போஸ்ட்" என்று தொடங்கும் வரி, குக்கி, டோக்கன் எதுவும் திரையில் தெரிந்தால் செயலி தோற்றுவிட்டது. எதுவும் வராமல் மூடிக்கொண்டால் வென்றது. அந்தத் திரையைப் படமெடுத்து, எந்தச் சான்றிதழ், எந்தப் பதிப்பு என்று குறித்து அறிக்கையில் சேருங்கள்.

ஒரே செயலிக்குள் பல இணைப்புகள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். லாகின் பக்கம் ஒழுங்காக இருந்து, விளம்பர எஸ்டிகே (வெளியார் தந்த கோடு), படம் பதிவேற்றும் பகுதி, வெப்வியூ (செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி) இவற்றில் ஒன்று கோட்டை விடும். செயலி பேசும் ஒவ்வொரு சர்வருக்கும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அவற்றில் உங்கள் நிறுவனத்தைச் சேராத சர்வர்களுக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழும் வேறு பெயர்ச் சான்றிதழும் மட்டுமே கைவசம் இருக்கும். பெரும்பாலான குறைகளைப் பிடிக்க அந்த இரண்டே போதும்.

கோடில் எங்கே தேடுவது

சோதனையில் தோற்றுவிட்டால், காரணத்தைச் சில சொற்களைத் தேடியே பிடித்துவிடலாம். பைத்தானில் "வெரிஃபை=ஃபால்ஸ்". அதன் கூடவே எச்சரிக்கையை மறைக்கும் வரியும் இருக்கும். அந்த வரி இருந்தால் எழுதியவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். நோடில் "ரிஜெக்ட்அன்ஆதரைஸ்டு: ஃபால்ஸ்", கோ மொழியில் "இன்செக்யூர்ஸ்கிப்வெரிஃபை", ஷெல் ஸ்கிரிப்டுகளில் கர்ல் கட்டளையின் "கே" கொடி, ஃபிளட்டரில் "பேட்சர்ட்டிஃபிகேட்கால்பேக்" ட்ரூ என்று திருப்பித் தருவது.

ஆண்ட்ராய்டில் மூன்று இடங்கள்: உள்ளே எதுவும் இல்லாத "செக்சர்வர்டிரஸ்டட்", எதற்கும் ட்ரூ சொல்லும் "ஹோஸ்ட்நேம்வெரிஃபையர்", வெப்வியூவின் எஸ்எஸ்எல் பிழைக் கட்டத்தில் "ப்ரொசீட்" அழைப்பது. காலியாக இல்லை என்பதற்காக முதலாவதை விட்டுவிடாதீர்கள். உள்ளே "செக்வேலிடிட்டி" என்ற ஒரே வரியோடு நிற்கும் கோடு நிறையவே உண்டு. அது தேதியை மட்டும் பார்க்கும், யார் கையெழுத்திட்டார் என்று பார்க்காது. காலாவதிச் சோதனையில் வென்று, முதல் சோதனையில் தோற்கும் செயலியில் இதைத்தான் தேட வேண்டும்.

ஜாவாவில் வெறும் எஸ்எஸ்எல்சாக்கெட்டை நேராகத் திறந்தால் சங்கிலியைப் பார்க்கும், பெயரைப் பார்க்காது. "எண்ட்பாயின்ட் ஐடென்டிஃபிகேஷன் அல்காரிதம்" என்பதற்கு "ஹெச்டிடிபிஎஸ்" என்று மதிப்புக் கொடுத்தால்தான் பார்க்கும். பிஹெச்பி-யில் கர்லின் "வெரிஃபைஹோஸ்ட்" அமைப்புக்கு ட்ரூ என்று எழுதுவது பழைய கண்ணி. ட்ரூ என்றால் 1. பழைய பதிப்புகளில் 1 என்பது சான்றிதழில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வேண்டியது 2.

பெயரைத் தாங்களே ஒப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழில் உள்ள பெயர் "கடை.இன்" என்று முடிகிறதா என்று பார்த்தால் "போலிகடை.இன்" உள்ளே வந்துவிடும். "கடை.இன்" என்ற சொல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால் "கடை.இன்.வேறொருவர்.காம்" வந்துவிடும். பெயர் ஒப்பிடும் வேலையை நூலகத்திடமே விடுங்கள்.

அந்த வரியை எடுத்தபின் பிழை திரும்பி வருமே?

வரும். எழுதியவருக்கு ஒரு காரணம் இருந்தது. அதைத் தீர்க்காமல் வரியை மட்டும் நீக்கினால் அடுத்த ஸ்பிரிண்டில் மறுபடியும் முளைக்கும்.

பெங்களூர் அலுவலகங்களில் முதல் காரணம் நிறுவனத்தின் பிராக்ஸி. அது வெளியே போகும் போக்குவரத்தைத் திறந்து பார்த்து, தன் மூலச் சான்றிதழால் மறுபடி கையெழுத்திட்டு அனுப்பும். ஐடி குழு அந்த மூலத்தை விண்டோஸில் நிறுவியிருப்பதால் உலாவி ஓடும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ், நோட், ஜாவா ஆகியவை இயல்பாகத் தனித்தனி மூலப் பட்டியல் வைத்திருப்பதால் நிற்கும். ஐடி குழுவிடம் அந்த மூலச் சான்றிதழின் பெம் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். நோடுக்கு "நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ்" என்ற சூழல் மாறியில் கோப்பின் பாதையைக் கொடுத்தால் இருக்கும் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளும். "ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில்" அப்படியல்ல, இருக்கும் பட்டியலையே மாற்றிவிடும். அதனால் செர்ட்டிஃபை தொகுப்பின் கோப்பை நகலெடுத்து, அதன் கடைசியில் அலுவலக மூலத்தை ஒட்டி, அந்த நகலைக் காட்டுங்கள். ஜாவாவுக்குக் கீடூல் வழியாகச் சேர்க்க வேண்டும். இவை எல்லாம் உங்கள் கணினியின் அமைப்பில் இருக்க வேண்டியவை. கோடில் ஒரு வரியும் மாறக்கூடாது.

அடுத்தது, உலாவியில் திறக்கிறது, செயலியில் மட்டும் திறக்கவில்லை என்ற புகார். பெரும்பாலும் சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்ப மறந்திருக்கும். கணினி உலாவிகள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டுச் செயலியும் கர்லும் எடுக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் "எஸ்_கிளையண்ட்" கட்டளையால் இணைத்துப் பார்த்தால் பிழை எண் 20 அல்லது 21 வரும். என்ஜின்எக்ஸில் "செர்ட்.பெம்" என்று காட்டியிருக்கும் இடத்தில் "ஃபுல்செயின்.பெம்" என்று மாற்றினால் தீர்ந்தது. எஸ்_கிளையண்ட் பிழை எண்ணைச் சொல்லிவிட்டு இணைப்பைத் தொடரும் இயல்புடையது. "கனெக்டட்" என்று வருவதை வைத்து எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டேஜிங் (வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகை) சர்வருக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் என்பது மூன்றாவது காரணம். அதற்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் டிஎன்எஸ் வழியாக உண்மையான சான்றிதழ் வாங்கலாம். வாங்கும் பெயர்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கும்படி ஏறும் என்பதால், உள் பெயர்கள் வெளியே தெரிய வேண்டாம் என்றால் நட்சத்திரக் குறிச் சான்றிதழ் (எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவானது) வாங்குங்கள். ஆண்ட்ராய்டில் டிபக் பதிப்புக்கு மட்டும் சொந்த மூலத்தை நம்ப வைக்க, நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிகில் "டிபக்-ஓவர்ரைட்ஸ்" பகுதி இருக்கிறது. ரிலீஸ் பதிப்பில் அது தானாகவே செயல்படாது.

பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் போர்டு வாங்கிக் கருவி செய்பவர்களுக்கு ஒரு சொல். ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்புக்குக் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் வந்ததும் அதன் தேதி 1970-இல் நிற்கும். எல்லாச் சான்றிதழும் "இன்னும் நடப்புக்கு வரவில்லை" என்று தோன்றும். இதைத் தாண்டத்தான் சரிபார்ப்பை அணைக்கும் "செட்இன்செக்யூர்" வரியை எழுதுகிறார்கள். முதலில் இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சேவையில் நேரம் வாங்கி, ஆண்டு சரியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, பிறகு டிஎல்எஸ் (சான்றிதழோடு கூடிய பாதுகாப்பான) இணைப்பைத் திறந்தால் அந்த வரி தேவைப்படாது.

உங்கள் கோடு சரியாக இருந்தும்

நூலகமே தவறலாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் கோடில் "கோட்டு ஃபெயில்" என்ற வரி தவறுதலாக இருமுறை இருந்ததால் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் படியே நடக்காமல் போனது. அடுத்த மாதமே க்னூடிஎல்எஸ் என்ற நூலகத்தில் வேறொரு சரிபார்ப்புக் குறை வந்தது. 2020 ஜனவரியில் விண்டோஸின் நீள்வட்ட வளைவுச் சரிபார்ப்பில் இருந்த குறையை அமெரிக்காவின் என்எஸ்ஏ தெரிவித்து மைக்ரோசாஃப்ட் திருத்தியது. இங்கே நீங்கள் செய்யக்கூடியது அப்டேட் மட்டுமே. சோதனை அறிக்கையில் நூலகத்தின் பதிப்பு எண்ணை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மூலப் பட்டியலில் இருப்பவரே தவறலாம். 2014 ஜூலையில் நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களிலிருந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றின் மூலம் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸில் அவை செல்லும்; தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸில் செல்லாது. சம்பந்தப்பட்ட இடைநிலைச் சான்றிதழ்கள் ஓரிரு நாளில் ரத்து செய்யப்பட்டன. உங்கள் டொமைனின் பெயரைப் பொதுப் பதிவேட்டில் அவ்வப்போது தேடுங்கள். நீங்கள் வாங்காத சான்றிதழ் தெரிந்தால் அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். டிஎன்எஸ்-இல் சிஏஏ பதிவு சேர்த்தால், யார் உங்களுக்குச் சான்றிதழ் தரலாம் என்று நீங்களே வரையறுக்கலாம்.

பின்னிங் பற்றிக் கேட்பார்கள். குறிப்பிட்ட சான்றிதழையோ சாவியையோ மட்டும் ஏற்கும்படி செயலியிலேயே எழுதிவைப்பது அது. பொது இணையத்துக்கு வழங்கப்படும் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100, 2029-இல் 47 என்று குறைகிறது. சான்றிதழையே பின் செய்தால் செயலி அடிக்கடி செத்துப்போகும். செய்துதான் ஆகவேண்டும் என்றால் பொதுச்சாவியைப் பின் செய்து, மாற்றுச் சாவி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். சோதனையின்போது பின்னிங்கை அணைத்த பதிப்பைக் கேளுங்கள். பின்னிங் எல்லாவற்றையும் மறுத்துவிடுவதால் அதன் பின்னால் இருக்கும் ஓட்டை தெரியாமல் போகும்.

கடைசியாக, இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு விடாமல், கோடு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சிஐ பைப்லைனில் சேர்த்துவிடுங்கள். நான்கு சான்றிதழ்களுக்கும் நான்கு எஸ்_சர்வர்களை வெவ்வேறு போர்ட்டுகளில் கிளப்பி, உங்கள் கிளையண்ட் கோடு ஒவ்வொன்றோடும் இணைய முயல வேண்டும். எதிலாவது தரவு வந்து சேர்ந்தால் பில்ட் தோற்க வேண்டும். இரண்டாவது சோதனைக்கான சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது காலாவதியான மறுநாளிலிருந்து அந்தச் சோதனை பெயருக்காக அல்லாமல் தேதிக்காக மறுக்கப்பட்டு, பச்சையாகவே தெரிந்துகொண்டிருக்கும்.